ஹேர் டிரையருக்கு வந்த மரியாதை

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில், என் அடுக்குமாடி புளோக்கிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பத்து நிமிட நடை. மழை நாளில் குடை பிடித்தாலும் தலை நனையாமல் நான் ஆய்வகம் போய்ச் சேர்ந்ததில்லை. அங்கே ஏர்கான் குளிரோ எலும்பு வரை போகும். அதனால் தேக்கா கடைத்தெருவில் தலைமுடி உலர்த்தும் ஒரு ஹேர் டிரையர் வாங்கி என் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். எங்கள் மேலாளருக்கு அது கண்ணை உறுத்தியது.

"இது லேபா, சலூனா? ஃபிரைடேக்குள்ள வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க லா."

அந்த வெள்ளிக்கிழமைதான், மூன்று வாரம் பாடுபட்டுச் செய்த பொருளைக் காய்ச்சி வடிக்க உட்கார்ந்தேன். இருந்ததே ஒரு குடுவைதான். மாலைக்குள் அடுத்த குழுவிடம் கொடுத்தாக வேண்டும். சும்மா சூடேற்றினால் கொதிக்கும் முன்பே கருகிவிடும். பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சி, குறைந்த சூட்டில் ஆவியாக்க வேண்டும். இன்னொரு வம்பும் உண்டு. எழுபது டிகிரிக்குக் கீழே போனால் மெழுகு மாதிரி உறைந்துவிடும்.

இதெல்லாம் தெரிந்த நான் என்ன செய்தேன்? பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் கை தானாகப் போய், குளிர்விக்கும் குழாயில் தண்ணீரைத் திறந்துவிட்டது. ஆவி வந்த இடத்திலேயே வெள்ளையாக உறைந்து வழியை அடைத்தது. மேலும் சூடேற்றினால் குடுவை வெடிக்கலாம். அப்படியே விட்டால் மூன்று வாரம் வீண்.

குடுவைக்குச் சூடு கொடுத்த எண்ணெய்ச் சட்டியை இறக்கினேன். தண்ணீரை மூடி, குழாயில் நின்றதை வடித்தேன். சூடான காற்று ஊதும் ஆய்வகக் கருவி ரிப்பேருக்குப் போயிருந்தது. பக்கத்தில் தீப்பற்றும் திரவம் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு இழுப்பறையைத் திறந்தேன்.

கண்ணாடிக் குழாய்க்கு நான் தலை உலர்த்திக்கொண்டிருந்தபோது மேலாளர் வந்து நின்றார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"தண்ணி திறந்துட்டீங்களா?"

"பழக்கதோஷம், பாஸ்."

"கை வலிக்கும், குடுங்க, நான் பிடிக்கிறேன். நீங்க சட்டிய மெதுவா ஏத்துங்க."

கால் மணி நேரத்தில் முதல் சொட்டு விழுந்தது. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்தினோம். ஐந்து மணிக்குப் பொருள் கைமாறிவிட்டது.

திங்கட்கிழமை நல்ல மழை. சொட்டச் சொட்ட வந்து இழுப்பறையைத் திறந்தால் காலி! ஹேர் டிரையர் கருவி அலமாரியில், ஆய்வகச் சொத்து என்ற ஸ்டிக்கரோடு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில், கருவியை எடுப்பவர்கள் எழுத வேண்டிய கையெழுத்துப் புத்தகம். 'எதற்காக' என்ற கட்டத்தில் 'தலை' என்று எழுதி எடுத்துக்கொண்டேன். மாலையில் பார்த்தால், அனுமதிக்கும் கட்டத்தில் மேலாளர் கையெழுத்துப் போட்டிருந்தார்.