நாடிக்குக் கீழே ஒரு விரல்

பிரேசில் உலகக் கிண்ணத்தை வென்ற தொண்ணூற்று நான்காம் ஆண்டுக் கோடையில்தான் அவர் நாங்கள் குடியேறியிருந்த மல்வேர்னில் எங்கள் தமிழ் உதைபந்தாட்டக் கழகத்துக்குக் கோச்சாக வந்தார். பிரேசிலில் பெயர்பெற்ற கோல் கீப்பராக இருந்தவர். மீசை நரைத்து, பந்து பட்டுப்பட்டு விரல்கள் கோணிப்போயிருந்தன. முதுகு மட்டும் கொஞ்சமும் வளையவில்லை.

கோல் அடிக்கும் வித்தையெல்லாம் இனி எங்கள் காலில்தான் என்று துள்ளினோம். அவரோ எங்கள் ஒவ்வொருவரையும் கோலுக்குள் நிறுத்திப் பந்து பிடிக்க வைத்தார். பந்தை விட்டுவிட்டு யாராவது தலைகுனிந்தால், தன் நாடிக்குக் கீழே ஒரு விரலை வைத்து முகத்தை உயர்த்திக் காட்டுவார். தலையை நிமிர்த்து என்று அர்த்தம்.

எங்கள் கப்டனுக்குப் பொறுமை போய்விட்டது. "பிரேசில்காரன் எண்டுதானே உந்த ஆளைப் பிடிச்சனாங்கள். கோல் அடிக்கிறதை எப்ப பழக்குவார் எண்டு கேள் மச்சான்!"

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"என் நாட்டில் எல்லோரும் கோல் அடிப்பார்கள். அந்த எல்லோரையும் தடுத்தவன் நான்."

அந்தக் கோடையின் இறுதியாட்டத்தில், கடைசி நிமிடத்தில் கப்டன் அடித்த பந்து கோலுக்குள் போனது. கிண்ணம் எங்களுக்கு! கோச்சைத் தோளில் தூக்க ஓடினோம். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. எதிரணியின் கீப்பர் புல்லில் முகம் புதைத்துக் கிடந்தான். அவன் எழுந்து இந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, தன் நாடிக்குக் கீழே விரலை வைத்து முகத்தை உயர்த்தினார்.

அந்தச் சைகையை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனாலும் அவன் தலை நிமிர்ந்தது.