அப்பா வந்த வழி சொன்ன நாள்

எனக்கு டாக்டர் சீட்டு கிடைக்காமல் போனதற்கு என் அப்பாவின் வாய்தான் காரணம் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த வாயைத் திறந்துவிட்டவள் நான்தான் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குப் பாதி ஆயுசு போய்விட்டது.

மலைப்பிள்ளைகளும் டாக்டராக வேண்டும் என்று கள்ளக்குறிச்சியில் ஒரு சிறப்புப் பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து அதில் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர். பெண் நான் ஒருத்திதான். நுழைவுத் தேர்வுக்கு விலங்கியலும் வேதியியலும் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் எங்களைத் தேய்த்துக் கழுவினார்கள். வகுப்பெடுத்த மேடம் முதல் வாரம் முழுக்க எங்கள் நகத்தையும் தலையையும் பேச்சையும்தான் கவனித்தார்.

"இன்டர்வியூல போய் இன்னான்னு கேட்டீங்கன்னா திருப்பி பஸ் ஏத்தி விட்டுடுவாங்க. 'என்னங்க சார்'னு சொல்லிப் பழகுங்க. மலைவாசின்னு உங்களைப் பார்த்தா தெரியக் கூடாது" என்பார்.

செய்முறை வகுப்பு மட்டும் கீழ்நாட்டுப் பிள்ளைகளோடு சேர்த்து நடக்கும். தவளை அறுத்த அன்று பக்கத்து மேசைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். நான் ஒரே கீறலில் அறுத்து, இதயம் துடிப்பதைப் பிரித்துக் காட்டினேன்.

"அவளுக்கு இன்னாடா, வூட்ல தெனம் தவளக் கொழம்பு வெக்கிறவ தானே" என்றான் ஒருவன்.

வகுப்பே சிரித்தது. மேடமும் சிரித்தார். நானும் சிரித்தேன். அவன் சொன்னதைக்கூட மன்னித்துவிட்டேன், நான் சிரித்ததை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

பரீட்சை எழுதினேன். மலைச் சாதி ஒதுக்கீட்டில் சீட்டு வாங்க என் மார்க்கு தாராளமாகப் போதும். பாக்கி இருந்தது சாதிச் சான்றிதழ் ஒன்றுதான். கீழ்நாட்டில் இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்துகொண்டிருந்த காலம் அது. யாருக்குச் சீட்டு, யாருக்கு இல்லை என்பதுதான் டீக்கடையிலும் பஸ்ஸிலும் பேச்சு. போலிச் சான்றிதழ் என்று புகார் மேல் புகார் போக, ஒவ்வொரு குடும்பத்தையும் அதிகாரி நேரில் விசாரித்துத்தான் கையெழுத்துப் போடுவார் என்று உத்தரவாகியது. சாமி எது, சாப்பாடு எது, கல்யாணம் எப்படி என்று கேட்பார்களாம். எங்கள் பயிற்சி வகுப்பு அறையிலேயே விசாரணை.

நான் மலைக்குப் போய் அப்பாவைத் தயார்படுத்தினேன். மேடம் எனக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்தேன்.

"சாமைச் சோறு, களின்னு வாயைத் தொறக்காதே. அரிசிச் சோறுன்னு சொல்லு. சட்டை போட்டுக்கினு வா. தலையைச் சொறிஞ்சிக்கினு நிக்காதே. கல்யாணத்துல வந்த வழி சொல்லுவியே, அந்த மாதிரி கம்பீரமா பேசணும்" என்றேன்.

வந்த வழி சொல்வது என்பது எங்கள் ஊர் வழக்கம். பெண் வீட்டுப் பந்தலில் ஒருவர் எழுந்து நின்று, எங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து எப்படிப் புறப்பட்டார்கள், எந்த ஆற்றைத் தாண்டினார்கள், எந்த அண்ணன் எந்த மலையில் தங்கினான் என்று அடி பிசகாமல் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அது அப்பாவின் உரிமை. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் ஓர் அடி உயர்ந்துவிடுவார்.

விசாரணை நாளன்று மறியல்காரர்கள் புளியமரங்களை வெட்டி ரோட்டில் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்திலிருந்து அப்பா நடந்தே வந்தார். புதுச் சட்டை அழுக்காகிவிடும் என்று மஞ்சள் பையில் வைத்து எடுத்துவந்து, வாசலில் நின்று போட்டுக்கொண்டார். மடிப்புக் கலையாத அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதிகாரி தங்கமான மனுஷன். நாற்காலி போடச் சொன்னார், டீ வாங்கிவரச் சொன்னார். "என்ன சாப்பாடு பெரியவரே?" என்றார்.

"மூணு வேளையும் அரிசிச் சோறுதாங்க சார்."

"உங்க ஆளுங்க ஆதியிலிருந்தே மலையில இருக்கறவங்கதானா?"

அப்பா எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாங்க காஞ்சிபுரத்து ஆளுங்க சார்" என்று ஆரம்பித்து, பந்தலில் சொல்வதுபோலவே முழுக்கச் சொன்னார். அதிகாரி ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டே இருந்தார். சொல்லி முடித்ததும் அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

"நல்லா சொன்னீங்க" என்றார் அதிகாரி. "கீழேருந்து போனவங்கன்னு நீங்களே சொல்லிட்டீங்க. பாப்பாவும் பார்க்க மலைப்பொண்ணு மாதிரி இல்ல. மலைச் சாதின்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

அப்பா டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "தப்பா இன்னாச்சும் சொல்லிட்டனா சார்?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற மேடம் அடுத்த தாளை எடுத்து அதிகாரி முன்னால் வைத்தார். அவருக்கு மீதி எட்டுப் பேரின் தாள்கள் இருந்தன.

வெளியே வந்ததும் ரோடென்றும் பார்க்காமல் கத்தினேன். "நீ ஊமையா பொறந்திருக்கக் கூடாதா?"

அவர் சட்டையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். வெட்டிப் போட்ட மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்துபோனார். நான் கூடப் போகவில்லை.

அதற்குப் பிறகு அப்பா எந்தப் பந்தலிலும் வந்த வழி சொல்லவில்லை. என் கல்யாணத்தில் ஊரே கூப்பிட்டும் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். வேறொருவர் எழுந்து தப்பும் தவறுமாகச் சொன்னார். நான் தாலி கட்டிக்கொள்ளக் குனிந்திருந்ததால் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

நான் பி.எஸ்சி. படித்து டீச்சரானேன். பிறகு அதேபோன்ற ஒரு பயிற்சி வகுப்பில் மலைப்பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுத்தேன். விசாரணை வரும்போது அப்பன்மார்களைத் தயார்படுத்துவதும் என் வேலையாகிப் போனது. ஒரு வருஷம் கெட்டிக்காரப் பெண்ணொருத்தியின் அப்பா வெள்ளைச் சட்டையில், கைக்கடிகாரம் கட்டி வந்து நின்றார்.

"சட்டையக் கழட்டுங்க" என்றேன்.

"மகளுக்காக எடுத்ததும்மா."

"கழட்டுங்க. களிதான் சாப்பாடுன்னு சொல்லுங்க. வந்த வழி தெரியுமா?"

"தெரியும்மா" என்று நிமிர்ந்தார்.

"மறந்துடுங்க."

அவர் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். வெற்று மார்போடு உள்ளே போனவர், தலையைச் சொறிந்துகொண்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் "தெரியாதுங்க சாமி" என்றார். பத்தே நிமிஷத்தில் கையெழுத்தாகிவிட்டது.

அந்தப் பெண் இப்போது டாக்டர். போன மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் எதிரே வந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள், அன்றைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பியதைப் போலவே.