எதிர்வீட்டுக்காரர் எழுதாத கடிதம்

வங்கதேசப் போர் நடந்த அந்த டிசம்பரில் எனக்கு இருபது வயது. ஆவடியில், அப்பா வேலை பார்த்த ஃபேக்டரியின் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். ஜன்னல் கண்ணாடிகளிலெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தோம். எதிரி விமானம் எங்கள் தெருவைத்தான் தேடிக்கொண்டு வரும் என்று உறுதியாக நம்பினோம். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இருட்டடிப்பால் மாலைக் காட்சி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு அம்பத்தூர் தியேட்டரில் கூட்டம் நெரியும். அங்கேதான் அந்தப் படத்தைப் பார்த்தேன். உலகப் போர்க் காலத்துக் காதல் கதை. பட்டாளத்துக்காரன் ஒருவன்மேல் திருட்டுப் பழி விழுகிறது. காதலியே அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறாள். உண்மை தெரிந்து அவள் பர்மா எல்லைக்கு ஓடும்போது அவன் குண்டடிபட்டுக் கிடக்கிறான். கூட வந்த குவார்ட்டர்ஸ் பெண்களும் நானும் முந்தானை நனைய அழுதோம். "விசாரிக்காம ஒருத்தன்மேல பழி போடுவாளா ஒருத்தி?" என்று வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தோம். நான்தான் அதிகம் திட்டினேன்.

அன்று எதிர்வீட்டுக்காரரும் படத்துக்கு வந்திருந்தார். ஃபேக்டரியில் டிராயிங் போடுகிறவர், கல்யாணம் ஆகாதவர். அதுவரை என்னிடம் பேசியது ஒரே ஒரு தடவை, "தண்ணி வந்துடுச்சாங்க?" என்று.

இரண்டு நாள் கழித்து எங்கள் ஜன்னல் இடுக்கில் ஒரு கடிதம் கிடந்தது. 'உன் அளகிய விளிகள் இல்லாமல் என் வால்க்கையே இருட்டடிப்பு' என்று தொடங்கி, 'உன் போர்வீரன்' என்று முடிந்தது. பெயர் இல்லை. எதிர்வீட்டுக்காரர்தான் எழுதியிருக்கிறார் என்று முடிவு செய்தேன். அவராக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை, அவ்வளவுதான் ஆதாரம். மனப்பாடமாகும்வரை படித்தேன். பிழை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

நான்காம் நாள் அது அப்பா கையில் சிக்கியது.

"யாரு?"

எதிர்வீட்டைக் காட்டினேன்.

"உனக்கும் இதுல இஷ்டமா?"

அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். "இல்லப்பா. அவர்தான் தொல்லை பண்றாரு" என்றேன். அந்த வாக்கியம் அவ்வளவு சுலபமாக வந்தது.

எங்கள் பிளாக்குக்கு ஒரு இருட்டடிப்பு வார்டன் இருந்தார். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். கையில் பட்டையும் வாயில் விசிலுமாக, வீடு வீடாக வந்து ஜன்னல்களைச் சோதிப்பார். அப்பா அவரிடம்தான் கடிதத்தைக் கொடுத்துப் புகார் சொன்னார். குழாயடியில், தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் முன்னிலையில் விசாரணை நடந்தது.

"பயப்படாம சொல்லு கண்ணு. இவன்தானே?" என்றார் வார்டன்.

"ஆமா" என்றேன்.

"அந்த லெட்டரை நான் ஒரு தடவை பாக்கலாமா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

"எய்தினவனுக்குத் தெரியாதா, உள்ள இன்னா கீதுன்னு?" வார்டன் கடிதத்தை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரமே எதிர்வீட்டுக்காரர் கொரட்டூருக்குக் குடிபோனார்.

போர் முடிந்தது. நோட்டீஸ் பலகையில் வார்டன் தன் கைப்பட எழுதி ஒட்டினார்: 'விளக்கை அணைத்து ஒத்துளைத்த தாய்மார்களுக்கு நன்றி.' அதே சாய்ந்த எழுத்து. அதே 'ள'. பலகை முன்னால் நின்று, மனப்பாடமான கடிதத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

மறுநாள் அப்பாவிடம் சொல்லாமல் கொரட்டூருக்கு ரயில் ஏறினேன். விசாரித்துக்கொண்டு போனபோது, ஏரிப்பக்கம் ஒரு வீட்டு மாடியில் எதிர்வீட்டுக்காரர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நான் அழுதேன். படத்தில் அவள் அழுதது போலவே அழுதேன் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் சொல்லி, கடிதத்தின் முதல் வரியையும் எழுத்துப் பிழையோடு ஒப்பித்தேன்.

"'அளகு'ன்னா எழுதியிருந்தான்? அதையா நான் எழுதினேன்னு நெனச்சீங்க?" என்றார். பழி போட்டதைவிட அதுதான் அவருக்கு வலித்தது போலிருந்தது.

"மன்னிச்சிடுங்க."

"நான் எழுதலேன்னு எனக்குத் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை உதறினார்.

முதலில் அப்பாவிடம் சொன்னேன். "வார்டன் குடும்பஸ்தன். வெளிய தெரிஞ்சா மானம் போயிடும். விட்டுடும்மா" என்றார். கல்யாணமாகாதவருக்கு மானம் கிடையாது போலும்.

நான் விடவில்லை. காலையில் குழாயடிக்குப் போய், குடங்கள் நிறையும் சத்தத்துக்கு மேல் உரக்கச் சொன்னேன்: "அந்த லெட்டர் எதிர்வீட்டுக்காரர் எழுதினது இல்ல. வார்டன் எழுதினது. நான் பொய் சொல்லிட்டேன்."

யாரும் அதிர்ச்சியடையவில்லை. ஒருத்தி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "அந்தப் புள்ளை எய்தியிருக்காதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்மே" என்றாள். "எனக்குந்தான்" என்றாள் அடுத்தவள். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. ஒருவருமே நம்பாத குற்றத்துக்காக ஒரு மனிதர் வீட்டைக் காலி செய்துகொண்டு போயிருந்தார்.

நடந்ததை எழுதிக் கொரட்டூருக்குத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. தை மாதம், ஊர்ப் பேச்சுக்குப் பயந்து, அப்பா எனக்கு மாங்காட்டில் மாப்பிள்ளை பார்த்தார்.