கண்ட்ரோல் ரசலையன்

உலகத்தில் மூளையை ஆராய்கிறவர்கள் எல்லோரும் இன்று எங்கள் ஊர் வாழைப்பழங்களின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் ரசலையனும் நானும்தான். சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். உலகம் என்றது ஒரு நகரத்து ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு மாடியை. எல்லோரும் என்றது ஒரு டாக்டரம்மாவையும், அவரிடம் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தியையும். நானும் என்றது, பக்கத்து வீட்டு டீச்சராக இருந்து எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்த உரிமையில்.

ரசலையன் திருவட்டாறு சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்தவர். காயை விரலால் சுண்டிப் பார்த்தே எந்த நாளில் பழுக்கும் என்று சொல்லிவிடுவார். சொன்ன நாளில் பெரும்பாலும் பழுக்காது. ஆனாலும் அவர் சொல்கிற தோரணைக்காகவே ஆட்கள் வாங்கிப் போவார்கள்.

அவர் மனைவி ராகேல் எங்கள் சபையின் பாடகர் குழுவில் முன்வரிசைக்காரி. அறுபது தாண்டியதும் அவளுக்கு மறதி வந்தது. முதலில் சாவி போயிற்று, பிறகு பாட்டின் இரண்டாம் சரணம், பிறகு புருஷன். புருஷனும் முழுதாகப் போகவில்லை. குலை விற்கிறவர் என்கிற அளவுக்கு நின்றார். காலையில் அவர் காப்பி கொண்டுபோனால் கேட்பாள்:

“குலைக்காரரே, இன்னைக்கு என்ன கொண்டு வந்திய?”

“நல்ல மட்டிக்குலை.”

“நேத்து தந்ததும் மட்டிதான். ஒரே காறல். வெலையக் குறைச்சா எடுக்கேன்.”

அவர் குறைப்பார். அவளும் போனால் போகிறதென்று எடுத்துக்கொள்வாள். பின்கட்டில் தொங்குகிற சொந்தக் குலையை அவர் இப்படித் தினமும் அவளுக்கு விற்றுக்கொண்டிருந்தார். வியாபாரம் முடிந்ததும் விசாரிப்பாள்: “உமக்குப் பெண்டாட்டி உண்டுமா?”

“உண்டு.”

“பாவம் அவ.”

தெளிவாக இருந்த நாளிலேயே ராகேல் ஒன்று சொல்லி வைத்திருந்தாள். “எனக்க தலைக்குள்ள என்னது இருந்து தின்னுதுன்னு யாராவது திறந்து பாக்கட்டும்.” அவள் போனதும் அப்படியே மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். பாதியை மருந்தில் ஊறப்போட்டார்கள், பாதியைக் கடுங்குளிரில் உறையவைத்தார்கள். ஊறியதிலிருந்து தலைமுடியைவிட மெலிதாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடிச் சில்லில் ஒட்டினார்கள்.

அடுத்த வருடம் ரசலையன் ரயிலேறிப் போய், பார்க்க வேண்டும் என்று நின்றார். டாக்டரம்மா நல்ல மாதிரி; நுண்ணோக்கிக்கு முன்னால் உட்காரவைத்தார்.

“பழுத்த பாளையங்கோட்டான் தோலு மாதிரியில்லா புள்ளி விழுந்து கிடக்கு” என்றார் ரசலையன்.

“அந்தப் புள்ளியெல்லாம் செல்லுக்கு வெளிய படிஞ்ச ஒரு புரதம். செல்லுக்கு உள்ள நூல் சிக்கின மாதிரி தெரியுது பாருங்க, அது இன்னொரு புரதம். ரெண்டும் சேர்ந்துதான் ஞாபகத்த அழிக்குதுன்னு நினைக்கிறோம்.”

ரசலையன் கண்ணை எடுக்காமலே கேட்டார்:

“இதுல நான் எங்க இருந்தேன்?”

டாக்டரம்மா கண்ணாடிச் சில்லைக் கொஞ்சம் நகர்த்திவிட்டார். அதற்குப் பதிலாக வேறொன்று சொன்னார். “ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே தண்ணி. அவங்களுக்கு வந்துச்சு, உங்களுக்கு வரல. உங்க காலத்துக்குப் பிறகு உங்க மூளையும் கிடைச்சா, ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கலாம். ஆராய்ச்சியில நோய் வந்த அவங்க கேஸ், வராத நீங்க கண்ட்ரோல்.”

“ரெண்டையும் எங்க வச்சுப் பாப்பிய?”

“பக்கத்துல பக்கத்துல, ஒரே தட்டுல.”

மற்றதெல்லாம் அவர் காதில் விழுந்ததா என்பது சந்தேகம். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். இரணியல் ஸ்டேஷனில் இறங்கும்போதே நடை மாறியிருந்தது.

“ஆராய்ச்சிக்கு நாந்தான் கண்ட்ரோல்” என்று தாணுலிங்கத்தின் டீக்கடையில் அறிவித்தார்.

எங்கள் வயதுக்காரர்களுக்குக் கண்ட்ரோல் என்றால் ரேஷன் கடை. தாணுலிங்கம் டீயை ஆற்றியபடியே கேட்டார்: “மண்ணெண்ணெய் எப்ப வரும்?”

“மூளைக்கு வேய் கண்ட்ரோல்.”

“உம்ம மூளைக்கு ராகேல்தானே கண்ட்ரோலா இருந்தா.”

கண்ட்ரோலின் மூளைக்கு அடிபடக் கூடாது என்று ரசலையனுக்கு அன்றே தோன்றிவிட்டது. எங்கள் ஊரில் நாலு அடி நடந்தால் ஒரு தென்னை. மகனுடைய பழைய ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். நடக்கும்போதும் ஹெல்மெட், குளத்துக்குப் போனாலும் ஹெல்மெட், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கும் ஹெல்மெட். ஆண்கள் தலையை மூடிக்கொண்டு ஜெபிக்கக் கூடாது என்று போதகர் சொல்லிப் பார்த்தார். மின்விசிறி விழுந்தால் யார் பொறுப்பு என்று ரசலையன் கேட்டார். சபைக் கமிட்டி கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தது: ஜெபத்துக்குக் கழற்ற வேண்டும், பிரசங்கத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வாரம் பிரசங்கத்துக்கு நாலைந்து பேர் ஹெல்மெட்டோடு வந்திருந்தார்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். வந்தவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கும் ஆசை இருந்தது என்பதை முகத்தில் பார்த்தேன்.

கண்ட்ரோல் என்றால் மறதி இல்லாதவர் என்று வருடா வருடம் சோதித்து உறுதி செய்ய வேண்டுமாம். அதற்குத்தான் அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் வந்தாள். சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார் ரசலையன்.

“காலைல எந்திரிச்சதும் என்னங்கய்யா செஞ்சீங்க?”

“வெள்ளம் கோரினேன். முற்றம் வரைக்கும் வெள்ளத்தக் கொண்டு வந்து செடிக்கு விட்டேன்.”

எங்களுக்குக் குடிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான், கோருவது என்றால் இறைப்பது. அவளுக்கு வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. ஜன்னல் வழியாகக் காய்ந்து கிடந்த முற்றத்தைப் பார்த்தாள். டேப்லெட்டில் ஏதோ தட்டினாள்.

“சரிங்கய்யா. ஒரு நிமிஷம் டைம். உங்களுக்குத் தெரிஞ்ச பழம் பேரெல்லாம் வேகமாச் சொல்லுங்க.”

ரசலையன் சிரித்தேவிட்டார். ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு ஆரம்பித்தார்: “மட்டி, ஏத்தன், செந்துளுவன், வெள்ளைத்துளுவன், ரசகதலி, பாளையங்கோட்டான், பேயன், சிங்கன், மொந்தன், பூங்கதலி...”

எங்கள் பக்கத்தில் பழம் என்றால் வாழைப்பழம். மற்றதெல்லாம் மாம்பழம், பலாவானால் சக்கைப்பழம் என்று அடைமொழியோடுதான் வரும். கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கு இந்த விவரம் தெரியாது. பாதி பெயர்கள் அவளுக்கு ஆட்களின் பெயராகக்கூடப் பட்டிருக்கும். நிமிஷம் முடிந்ததும் பரிதாபமாகக் கேட்டாள்: “பேயன், சிங்கன்னு சொன்னீங்களே, அவங்க யாருங்கய்யா?”

“எல்லாம் வாழதான் மக்களே.”

“அப்ப எல்லாம் சேர்த்து ஒரே பழம்தான்” என்று சொல்லி மதிப்பெண் ஒன்று போட்டாள்.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா போனில் பேசினார். லேசான தடுமாற்றம் தெரிகிறது, இன்னொரு தரம் சோதிக்கிறோம், அப்போதும் இப்படியே இருந்தால் கண்ட்ரோலிலிருந்து எடுத்துக் கேஸில் சேர்க்க வேண்டியிருக்கும், பயப்பட வேண்டாம் என்றார். ரசலையன் பயந்தது நோய்க்கு அல்ல.

“டீச்சர், நானும் கேஸானா அவளுக்குப் பக்கத்துல யார வைப்பாவ?”

“வேற ஒரு கண்ட்ரோல வைப்பாங்களாயிருக்கும்.”

“எனக்குப் பக்கத்துல?”

“உமக்கும் ஒரு கண்ட்ரோல் வரும். ஆணோ பெண்ணோ.”

ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “முன்னப்பின்ன தெரியாத ஒருத்திக்குப் பக்கத்துல கண்ணாடில ஒட்டி வைப்பாவளா? அவ என்னைக் குலைக்காரன்னு நினைச்சாலும், தெனமும் வாங்கினது எனக்கிட்டதான் டீச்சர்.”

அதற்கு மேல் சும்மா இருக்கமுடியுமா? பள்ளிக்கூடத்தில் மக்குப் பிள்ளைகளுக்கு வைத்த அதே முறையில் பாடம் வைத்தேன். ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை, அன்னாசி, மாதுளை. மார்த்தாண்டம் ஜூஸ் கடைக்குக் கூட்டிப்போய் கிவி, டிராகன், அவகடோ எல்லாவற்றையும் கண்ணால் காட்டினேன். டிராகன் பழத்தைச் சுண்டிப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை பழுக்கும் என்றார். அது வெட்டி வைத்த பாதி. இரவில் அவர் வீட்டிலிருந்து “சீத்தா, சப்போட்டா” என்று சத்தம் கேட்டு, வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சுக்கூடக் கிளம்பியது.

மறுசோதனைக்கு வந்த அன்று அந்தப் பெண் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே தாணுலிங்கத்தின் கடைக்குப் போயிருக்கிறாள்.

“ஒரு பழம் குடுங்க” என்றாள்.

“மட்டியா, ரசகதலியா?”

“பழங்க.”

“அதத்தான் மக்களே கேக்கேன். செந்துளுவன் வேணும்னா அதுவும் கிடக்கு. குடிக்க வெள்ளம் தரட்டா?”

அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாளாம். வரும்போது கையில் ஒரு சீப்பு மட்டி. ரசலையன் வீட்டு வாசலிலேயே, “ஐயா, தப்பு என்னோடதுங்க, போன தடவ மாதிரியே சொல்லுங்க, இந்தத் தடவ ஒவ்வொண்ணுக்கும் மார்க் போடுறேன்” என்று சொல்ல வாயெடுத்தாள். ரசலையன் விடவில்லை. படித்தது மறந்துபோவதற்குள் ஒப்பிக்க வேண்டும் அவருக்கு.

“ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை, அன்னாசி, மாதுளை, கிவி, டிராகன், அவகடோ, சீத்தா, சப்போட்டா...” மூச்சு வாங்க நிறுத்தினார். வாழை ஒன்றுகூட இல்லை.

“ஐயா, வாழைப்பழம்?”

“அது பழமில்லன்னு நீங்கதானே சொன்னிய.”

அவள் சிரித்த சிரிப்பில் டேப்லெட் கைநழுவப் பார்த்தது. அங்கிருந்தே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். ரசலையன் கண்ட்ரோலாகவே இருக்கலாம் என்று தீர்ப்பாயிற்று. இந்த மாவட்டத்தில் இந்தக் கேள்வியைப் பழத்தில் கேட்காமல் மிருகத்தில் கேட்க வேண்டும் என்றும் முடிவு செய்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று வாழைப்பழப் பெயர்களையும் கேட்டு அந்தப் பெண் எழுதி வைத்துக்கொண்டாள். என் பெருமை அவ்வளவுதான்.

இதை எழுதி முடித்து இன்று ரசலையனுக்கு வாசித்துக் காட்டினேன். ஹெல்மெட்டைக் காதுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். ராகேல் மட்டிக்கு விலை பேசுகிற இடத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். ஒரே தட்டு வந்தபோது தலையாட்டினார். எல்லாம் முடிந்ததும் தொண்டையைச் செருமினார்.

“ஒரு எடத்துல தப்பு இருக்கு டீச்சர். மொந்தன நான் சொல்லல. எனக்கு நல்லா ஓர்மை இருக்கு. அது கறி வைக்கிய காய். அதப் பழம்னு சொல்லியிருந்தா, அந்தப் பிள்ள வரமுன்னே நானே என்னைக் கேஸ்ல சேத்திருப்பேன்.”