மணிகேதுவின் மரியாதை

சென்ற சனிக்கிழமை ஓர் இளவரசனை ஏணி வைத்து இறக்கினார்கள்.

இறக்கியவர்கள் துறைமுகத் தொழிலாளர்கள். அவன் நின்ற மலை, தேயிலைப் பெட்டிகளை அடுக்கிச் சாக்குப் போர்த்திச் சாம்பல் நிறம் பூசிய மலை. மண்டபம் நிறைந்த சனம். கைதட்டலில் எனக்கு முன்னால் ஒரு தாயின் மடியில் தூங்கிய குழந்தை விழித்து அழத் தொடங்கிவிட்டது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஒரு ரீச்சர் பொது இடத்தில் அப்படிச் சிரிக்கலாமா? முழுவதையும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

மணிகேதுவை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. இந்தியப் பத்திரிகைகளின் வரவு குறைந்ததிலிருந்து நம் வார இதழ்களுக்கு நல்ல காலம். அவற்றில் ஒன்றில் முடிவில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் மாயாஜாலத் தொடர்கதையின் நாயகன் அவன். தகப்பனின் சாபத்தைத் தீர்க்கப் பறக்கும் குதிரையில் புறப்படுகிறான். ஏழு தீவுகள். தீவுக்கு ஒரு பெண். ஒவ்வொருத்தியிடமும் ஒரு மந்திரப் பொருள். மணிகேது சிரிப்பான், குனிந்து வணங்குவான், நிலவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுவான் – பொருள் அவன் கைக்கு வந்துவிடும். விடிந்ததும் குதிரை மேலே. அவள் கீழே, கண்ணீரோடு.

எழுதுகிறவர் நம் திருகோணமலைக்காரர். பெயர் வேண்டாம், வெட்கப்படுவார். வெட்கப்படுவாரா என்பதும் சந்தேகம்தான்.

கொஞ்ச நாளைக்கு முன் இந்தப் பத்திரிகையின் இதே பத்தியில் நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: இந்த மணிகேது பெண்களை மதிக்கிறானா? பத்திரிகை வந்த அன்றே எழுத்தாளர் என் வீட்டுக் கதிரையில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்ன ரீச்சர், இப்பிடி எழுதிப்போட்டியள்? என்ர மணிகேது ஒரு பொம்பிளையிலயாவது பலவந்தமாக் கை வைச்சவனோ? எல்லாரையும் 'தேவி' எண்டுதானே கூப்பிடுறான்? குனிஞ்சு கும்பிடுறானே!"

குனிவதுதான் மரியாதை என்றால், நெல்லைக் கண்ட கோழியும் நாள் முழுக்கக் குனிந்துகொண்டுதான் இருக்கிறது.

இதைச் சொல்லவில்லை. தேத்தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அவர் சொன்னார்: "துறைமுகத் தொழிலாளர் மன்றத்தில இதை நாடகமாப் போடுறம். ஒத்திகைக்கு வாங்கோ. பாத்திட்டுப் பிறகு எழுதுங்கோ."

போனேன்.

மணிகேதுவாக நடித்தவர் சர்வானந்தன் என்ற துறைமுக அலுவலகக் கிளாக்கர். முகம் இளவரசனுக்குரியது. மற்றப்படி பரம சாது. மனைவி எடுத்துக் கொடுக்காத சட்டையைப் போடமாட்டார். ஏழு பெண்களாகவும் நடித்தவர் ஒரே ஆள் – பக்கத்து ஊரான சாம்பல்தீவு நடராசா. கப்பலில் சாமான் ஏற்றி இறக்கும்போது, பாரம் தூக்கும் விஞ்சை இயக்குகிறவருக்குக் கையால் சைகை காட்டுவது அவருடைய தொழில். நாடகத்துக்காக மீசையை எடுத்துவிட்டார். அதற்காக மனைவி அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாளாம். ஆனால் சேலைகளை மட்டும் இரவல் கொடுத்திருக்கிறாள்.

"ஏன், ஒரு பெண்ணுமா கிடைக்கவில்லை?" என்று கேட்டேன்.

"பொம்பிளையளை மேடையில ஏத்துறதோ?" என்று எழுத்தாளர் திடுக்கிட்டார். "நாங்கள் பெண்களை மதிக்கிற ஆக்கள், ரீச்சர்!"

இந்த மரியாதை எங்கெங்கெல்லாம் வேலை செய்கிறது, பார்த்தீர்களா?

நான் போன அன்று நான்காம் தீவு. மலை உச்சியில் தனியே வாழும் சிறகுள்ள பெண். மணிகேது குதிரையில் வந்து இறங்குகிறான். துறைமுகத்து ஆட்கள் அல்லவா? கூரை வளையில் கப்பி கட்டி, மரக்குதிரையைக் கயிற்றால் ஏற்றி இறக்கினார்கள். அவள் காதலில் தன் சிறகுகளைக் கழற்றிக் கொடுக்கிறாள். அவன் வாங்கிக்கொண்டு பறந்துவிடுகிறான். லைற் அணைகிறது.

லைற் மறுபடி எரிந்தபோது, பச்சைச் சேலையோடு உச்சியிலேயே நின்றுகொண்டிருந்தார் நடராசா.

"ஐயா, ஒரு சந்தேகம். செட்டையைக் குடுத்துப்போட்டு இவள் எப்பிடி இறங்குறது?"

"அது கதைக்குத் தேவையில்லைத் தம்பி. அவளின்ர தியாகம்தான் முக்கியம்."

"தியாகம் சரி ஐயா. மேல தண்ணி கிண்ணி இருக்கோ? சாப்பாட்டுக்கு என்ன செய்வாள்?"

எல்லோரும் சிரித்தார்கள். நடராசா சிரிக்கவில்லை. "ஒரு வசனமாவது எழுதித் தாங்கோ ஐயா. 'நான் என்ன செய்யிறது' எண்டு அவள் ஒருக்காக் கேக்கட்டும்."

"கேட்டால் மணிகேது என்ன சொல்லுறது?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

எழுத்தாளர் அடுத்த தீவுக்குப் போய்விட்டார்.

ஒத்திகை முடிந்ததும் நடராசா என்னை பஸ் நிலையம்வரை கொண்டுவந்து விட்டார். வழியில் கேட்டேன், ஏன் தம்பி இதை இவ்வளவு மனதில் போட்டுக்கொள்கிறீர்கள் என்று.

"எனக்கொரு தங்கச்சி இருக்கு, ரீச்சர். ரஞ்சிதம்."

ரஞ்சிதம் ரவுனில் தையல் படிப்பித்துக்கொண்டிருந்தவள். காலையில் பஸ் ஏறி வந்து, பின்னேரம் திரும்புவாள். ஊரில் அவளை எல்லோரும் தையல் ரீச்சர் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். நிலாவெளி ரோட்டு வேலைக்கு, அதைக் குத்தகைக்கு எடுத்த கொந்தராத்துக்காரரின் மேற்பார்வையாளராக ஒருவர் வந்தார். சாம்பல்தீவில் அறை எடுத்தார். அவளுடைய தாயைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குவார். ரஞ்சிதத்தோடு 'நீங்கள்' என்றுதான் பேசுவார். "உங்களை இந்த வெயிலுக்க அலைய விட எனக்கு மனமில்லை" என்றார். அவள் வேலையை விட்டாள். மச்சான்முறைப் பையன் ஒருவன் பெண் கேட்டு வந்திருந்தான். அவனுக்கும் இல்லை என்று சொன்னாள். மழை முடிய என் தாய் தகப்பனைப் பெண் கேட்கக் கூட்டி வருவேன் என்றார் மேற்பார்வையாளர்.

மழை முடிந்தது. ரோட்டு வேலையும் முடிந்தது.

இப்போது அவர் எங்கோ மலைநாட்டில் வேறொரு ரோட்டில் நிற்கிறாராம். அங்கேயும் மிக மரியாதையானவர் என்றுதான் கேள்வி.

"தங்கச்சி இப்ப வெளியில வாறதில்லை ரீச்சர். கோயில் திருவிழாவுக்கும் வரேல்லை. சனம் கதைக்குமெண்டு பயம். அவர் ஒரு கெட்ட வார்த்தை பேசேல்லை. ஏமாத்தினவர் எண்டு சொல்லவும் ஏலாது. எங்கட அம்மாவே இண்டைக்கும் 'நல்ல மரியாதையான பிள்ளை' எண்டுதான் சொல்லுறா." பஸ் வந்துவிட்டது. "நாடகத்துக்கு அவளை வரச் சொல்லியிருக்கிறன். வருவாளோ தெரியாது."

வந்தாள்.

சனிக்கிழமை மண்டபத்தில் பெண்களுக்கு ஒதுக்கிய இடம் கடைசியில், தூணுக்குப் பின்னால். (மரியாதை!) நடராசாவின் மனைவி ஒரு பெண்ணைக் கையில் பிடித்து இழுத்துவராத குறையாகக் கொண்டுவந்து என் பக்கத்தில் இருத்தினாள். "இதுதான் ரஞ்சிதம், ரீச்சர்." மெலிந்த, நேர்த்தியான பெண். சேலைச் சட்டையின் தையல் அவ்வளவு சுத்தம். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. முதல் மூன்று தீவுகளும் போயின. அவள் தன் விரல் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் தீவு. குதிரை ஏறியது. மணிகேது இறங்கினான். குனிந்தான்.

"தேவி! உன் சிறகுகளை எனக்குத் தருவாயா?"

"தந்தேன் பிரபு" – இதுதான் வசனம். நடராசா சிறகுகளைக் கழற்றினார். கொடுக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். திரைக்குப் பின்னால் இருந்து யாரோ வசனத்தை எடுத்துக் கொடுப்பது எங்கள் தூண்வரை கேட்டது. அவருக்கா கேட்கவில்லை?

பெண் குரலை விட்டுவிட்டுத் தன் சொந்தக் குரலில் சொன்னார்: "தாறன். முதல்ல என்னைக் கீழ இறக்கிவிடுங்கோ."

சர்வானந்தன் விழித்தார். "தேவி... உன் கண்களில் நிலவு..."

"நிலவு கிடக்கட்டும். நான் எப்பிடி இறங்குறது?"

மண்டபத்தில் சிரிப்பு எழும்பியது. பாவம் சர்வானந்தன், தொடர்கதையில் படித்தது ஏதோ நினைவுக்கு வந்து, நேர்மையாகச் சொல்லிவிட்டார்: "இந்தக் குதிரை ஒருவரைத்தான் தாங்கும், தேவி!"

"அப்ப நான் போறன்."

சிறகுகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, குதிரையில் ஏறி உட்கார்ந்தார். ஒரு கையை உயர்த்தி, உள்ளங்கையைக் கீழே அசைத்தார். கயிற்றுக்காரர்கள் யார்? அவரோடு வேலை செய்கிறவர்கள். நாள்தோறும் அந்தக் கையைப் பார்த்துத்தான் சாமான் இறக்குகிறார்கள். பழக்கமோ, வேண்டுமென்றோ... குதிரை இறங்கியது.

இளவரசன் உச்சியில்.

முன்வரிசையில் இருந்து ஒரு சின்னப் பெண் எழுந்து கத்தினாள்: "அப்பா, இறங்குங்கோ!"

"ஏலாது மகள்" என்றான் ஏழு தீவுகளின் நாயகன். மைக்கில் தெளிவாகக் கேட்டது.

அதற்குப் பிறகுதான் ஏணி.

என் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினேன். ரஞ்சிதம். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க... அழுகிறாளோ என்று பயந்துபோனேன். இல்லை, சிரிப்பு. பொத்தியும் அடக்க முடியாத சிரிப்பு. "அண்ணை... அண்ணை..." என்பதற்கு மேல் அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பிறகு அது அழுகையாகவும் ஆனது. நடராசாவின் மனைவி அவள் முதுகைத் தடவிக்கொண்டே, தானும் கண்ணைத் துடைத்தாள். மீசைக்காகப் பிடித்த கோபம் அந்த இடத்தில் தீர்ந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை என் பள்ளிக்கூட வாசலில் ரஞ்சிதம் நின்றாள். தனியாக பஸ் ஏறி வந்திருந்தாள்.

"நான் படிப்பிச்ச தையல் வகுப்பில என்ர இடம் இன்னும் இருக்குமோ, ரீச்சர்?"

விசாரித்தோம். இல்லை. வேறொரு பிள்ளையை எப்போதோ எடுத்துவிட்டார்கள். அந்த வேலை இனி வராது. மறைத்து என்ன பயன்? அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு, "பரவாயில்லை. ஓடர் எடுத்துத் தைச்சுப் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு, நூலும் ஊசியும் வாங்கக் கடைப்பக்கம் நடந்தாள். தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் திரும்பி அவர்களைப் பார்த்தாள். அவர்கள்தான் தலையைக் குனிந்தார்கள்.

எழுத்தாளர்? அன்று மேடைக்குப் பின்னால் குதித்தார். என் கதையைக் கொலை செய்துவிட்டான், மன்றத்தை விட்டு நிறுத்து என்றார். ஆனால் நாடகம் பார்த்த கிண்ணியாக்காரர் சிலர், அடுத்த மாதம் எங்கள் ஊரிலும் போடுங்கள், குதிரைக் கட்டம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று கேட்டுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை சந்தையில் என்னைக் கண்டபோது மனிதரின் முகத்தில் அப்படியொரு ஒளி.

"அந்தக் கட்டத்தைத் திருத்தி எழுதிட்டன், ரீச்சர். மணிகேது தானாகவே குதிரையை அவளுக்கு விட்டுக்குடுக்கிறான். எவ்வளவு பெருந்தன்மை! இனியாவது எழுதுங்கோ, அவன் பெண்களை மதிக்கிறவன் எண்டு."

"நடராசாவைக் கேட்டீர்களா?"

"அவனை எதுக்குக் கேக்கிறது? கதை என்ர கதையெல்லோ!"

மரியாதையாக விடைபெற்றுக்கொண்டார். குனிந்து.

மணிகேது பெண்களை மதிக்கிறானா என்று இனி நான் எழுதப் போவதில்லை. அந்த ஏழு பேரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்... அவர்களின் விலாசத்தை மட்டும் அவனிடம் கேட்காதீர்கள், அவனுக்குத் தெரியாது.