பேபி கடை ஃபேக்ஸ் மெஷின்

தொண்ணூறுகளின் நடுவில், கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. சாலையோரம் பேபி எஸ்.டி.டி. பூத் திறந்தபோது, எதிரே லேத் பட்டறை வைத்திருந்த ஜெயவேலு மூக்கைச் சுளித்தார்.

"நாங்க இரும்பக் கடைஞ்சு துன்றோம். நீ பேச்ச வித்துத் துன்னப் போறியா?"

பேபிக்குச் சுருக்கென்றது. அந்த வீம்பிலேயே ஒரு ஃபேக்ஸ் மெஷினையும் வாங்கி வைத்தாள்.

பட்டறையில் ஓர் அளவில் சந்தேகம் வந்துவிட்டால், ஆர்டர் கொடுத்த அம்பத்தூர் கம்பெனிக்கு ஆள் ரயிலேறிப் போய்க் கேட்டு வரவேண்டும். அதுவரை லேத் சும்மா கிடக்கும். ஓர் அவசர ஆர்டரின்போது வேறு வழியில்லாமல் ஜெயவேலு பேபியிடம் வந்து நின்றார். அவர் டீ குடித்து முடிப்பதற்குள், கம்பெனி திருத்தி அனுப்பிய வரைபடம் மெஷினிலிருந்து சுருண்டு விழுந்தது. அன்றிலிருந்து எந்தப் படம் வந்தாலும் பேபியே சாலையைக் கடந்து கொண்டுபோய்க் கொடுத்தாள். லேத் ஓடும் சத்தம் கடைவரை கேட்டால் அவளுக்குத் தலை தானாக நிமிரும்.

அந்த வருஷம் ஆயுத பூஜையன்று ஜெயவேலு பொரித் தட்டோடு வந்தார். ஃபேக்ஸ் மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

"இப்பல்லாம் லேத்து நிக்கிறதே இல்ல. பாதி வேலைய இதானே பாக்குது!"

மறுநாள் போன் பேச வந்த ஒருவர் கேட்டார்: "இன்னாக்கா, செவுத்துல மாதா படம், மெஷின்ல குங்குமமா?"

"அது பட்டறை மெஷின்பா," என்றாள் பேபி. "வெக்காம வுடுவாங்களா?"