மூன்றாவது ஸ்பீக்கர்

மூன்றாவது ஸ்பீக்கரின் காலில் வயரைச் சுற்றி, ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி வைத்து, ஆறட்டும் என்று வாயால் ஊதினார் டாக்டர். சுவிட்சைப் போட்டார். குமிழைத் திருப்பினார். கழுத்தைச் சாய்த்துக் காத்திருந்தார். "இதுவும் ஊமை" என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஊரில் மற்ற ஆம்பிளைகள் தூங்குகிற நேரம்.

ஊசி போடுகிற டாக்டர் இல்லை. நூல் மில்லில் முப்பது வருடமாக மோட்டார் மெக்கானிக். ஓடுகிற மோட்டார்மேல் ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்பார். "பத்து நாள் தாங்கும். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க" என்பார். பதினோராம் நாள் பேரிங் போய்விடும். அப்படி மில்லில் வைத்த பெயர் அது. வீட்டில் மனைவி கோபம் வந்தால் மட்டும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். கிட்டத்தட்ட தினமும் கூப்பிடுவாள்.

பின்னறை, மழைக்காலத்தில் துணி உலர்த்த என்று அவள் ஒதுக்கி வைத்திருந்தது. இப்போது அங்கே இரண்டு இரும்புக் கால்களின்மேல் ஒரு பழைய கதவு படுத்திருக்கிறது. அதுதான் அவர் மேஜை. ஸ்க்ரூக்கள் கிடப்பது அவளுடைய ஐஸ் தட்டில். நெல்மணி அளவு சாமான்களைப் பிடிக்கிற இடுக்கி, அவள் புருவம் திருத்த வைத்திருந்தது. நடுவில் ஆசிலாஸ்கோப். ஏதோ கல்லூரி கழித்துப்போட்டதை இரண்டு ஆள் வைத்துத் தூக்கி வந்தார். சுவிட்சைப் போட்டால் பத்து நிமிடம் யோசித்துவிட்டுத்தான் பச்சைக் கோட்டைக் காட்டும்.

"உங்க கூடப் பொறந்ததுதான் இது" என்பாள்.

சத்தத்தைப் படமாகக் காட்டும் என்று அவர் விளக்கினார்.

"காதுல கேக்குறதை எதுக்குக் கண்ணால பாக்கணும்?"

அவரிடம் பதில் இருந்தது. அரை மணி நேரப் பதில். அதற்குள் அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மில்லில் இந்த வருடம் புதிதாக ஒரு சட்டம். புதன்கிழமை எல்லோருக்கும் காது சோதனை. தேறாதவர்கள் இயந்திரப் பக்கம் நிற்கக்கூடாது. ஸ்டோரில் உட்கார்ந்து கையுறையும் கிரீஸ் டப்பாவும் எடுத்துக் கொடுக்க வேண்டும். சம்பளம் அதேதான்.

"நல்லதாப் போச்சு. கால் வீங்கி வந்து என் உயிரை வாங்குறதுக்கு, ஒரு இடத்துல உக்காருங்க" என்றாள்.

"ஸ்டோர்ல உக்காந்தா என்னை யாரு டாக்டர்னு கூப்பிடுவா?"

கேட்காமலே அவருக்கு ஒரு காபி போட்டு வைத்தாள். அபூர்வம்தான்.

தன் காது தங்கம் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் ஒத்திகை பார்த்துவிடுவோம் என்று, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் சத்தம் எழுப்பும் கருவி ஒன்றைச் செய்தார். குமிழைத் திருப்பினால் அடித்தொண்டை உறுமலிலிருந்து கீச்சு வரைக்கும் வரவேண்டும். மூவாயிரம் ஹெர்ட்ஸ் வரை வந்தது. அதற்கு மேல் வாய் அடைத்துவிட்டது. ஆனால் ஆசிலாஸ்கோப்பில் அலை, சீப்பின் பல் மாதிரி, குறையில்லாமல் நிற்கிறது. மூன்று வாரமாக, வேலை முடிந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல், இதோடுதான் மல்லுக்கட்டு. டிரான்சிஸ்டரை மாற்றினார். வயரை மாற்றினார். ஸ்பீக்கரை மாற்றினார், மறுபடி மாற்றினார். அறைக்கதவைச் சாத்திக்கொண்டுதான் வேலை. காற்று பட்டால் ஈயம் ஒழுங்காகப் பிடிக்காதாம்.

துவைத்த துணி வாளியோடு கதவைக் காலால் தள்ளித் திறந்தவள், வாளியைப் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்தினாள்.

"அட மனுஷா, இதுதானா அது? மிக்ஸியை நிறுத்து, மிக்ஸியை நிறுத்துன்னு மூணு வாரமா மாடி வீட்டம்மாகூடச் சண்டை போட்டுட்டு வந்திருக்கேனே! இனி அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"எது?"

"எதுவா? காதுக்குள்ள ஊசியை விட்டுக் கொடையுதே, இது!"

அவர் ஸ்பீக்கரைப் பார்த்தார். சுவிட்சை அணைத்தார். அவள் கை காதிலிருந்து இறங்கியது. போட்டார். கை ஏறியது. அணைத்தார், போட்டார், அணைத்தார். அவள் கையை, மீட்டரின் முள்ளைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அழுக்கா இருக்கும். வெளிச்சத்துக்கு வாங்க, பாக்குறேன்" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அழுக்கெல்லாம் இல்ல." மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "சரி, ஒப்பிட்டுப் பாத்துடுவோம். நீ நம்பர் பாத்துக் குமிழைத் திருப்பு. கேட்டா விரலைத் தூக்கு. எனக்குக் கேட்டா நானும் தூக்குறேன்." ஆசிலாஸ்கோப்பையும் பிஸ்கட் டின்னையும் அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"துணி ஈரமாக் கெடக்கு."

"கெடக்கட்டும். அஞ்சே நிமிஷம்."

ஐந்நூறு. இரண்டு விரலும் எழுந்தன. ஆயிரம். இரண்டாயிரம். மூவாயிரம். நாலாயிரத்தில் அவள் விரல் எழுந்தது. ஒரு மூச்சு கழித்து அவர் விரலும் எழுந்தது. ஐயாயிரத்திலும் அப்படியே. ஆறாயிரத்திலும்.

"பாத்தியா, ஸ்பீக்கர்லதான் கோளாறு" என்றார். கண் அவள் முகத்தில் இல்லை, கையில் இருந்தது.

எட்டாயிரத்துக்குத் திருப்பினாள். பல் கூசியது. விரலைத் தூக்கினாள், அவரும் தூக்கினார். குமிழைத் தொடாமல், கீச்சு கீச்சென்று அது கத்திக்கொண்டிருக்க, அவள் மெதுவாகத் தன் விரலை இறக்கினாள்.

எதிரே அவர் விரலும் இறங்கியது.